ஆடுகளமும் அறமன்றமும்

கால்பந்து என்றவுடன் காலால் உதைத்து ஆடும் உருண்டைப் பந்தே நம் நினைவிற்கு வரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அப்பெயருக்கு உரிய ஆட்டம் வேறு. அங்கே பந்து உருண்டையாக இராது. இருமுனையும் கூம்பி, உரிக்காத தேங்காயின் வடிவை ஒருவாறு ஒத்திருக்கும். அதனைக் காலால் உதைப்பது சில வேளைகளில் மட்டுமே. பெரும்பாலும் கையால் எறிந்தும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியுமே அவ்வாட்டத்தை ஆடுவர். பெயரும் செயலும் பொருந்தவில்லையே என்று நாம் வியக்கலாம். ஆயினும், வழங்கி வழங்கி வேரூன்றிய பெயரை மாற்றுதல் எந்நாட்டிலும் எளிதன்று.

ஆடுகளத்தின் நீளம் 100 கஜம். ஒவ்வோர் அணியிலும் 11 பேர் நின்று ஆடுவர். பந்தை உடைய அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜமேனும் முன்னேறுதல் வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணியிடம் சேரும். இவ்வாறு சிறிது சிறிதாக நிலத்தைக் கைப்பற்றிச் சென்று, எதிரியின் எல்லைக் கோட்டைக் கடப்பதே ஆட்டத்தின் நோக்கம். சடுகுடு ஆடிப் பழகிய சிறுவர்க்கு இதன் கருத்து விரைவில் விளங்கும். பந்தோடு ஓடுபவனை மறித்து வீழ்த்துதல் இங்கும் உண்டு. ஆனால், சடுகுடுவில் ஒருவனைப் பலர் சூழ்ந்து பிடிப்பர்; இவ்வாட்டத்திலோ பந்து அசைந்த நொடியிலேயே இரு திறத்தாரும் ஒருவரோடொருவர் மோதத் தொடங்குவர்.

அம்மோதலில் முதல் அடியைத் தாங்குவோர் முன்வரிசை வீரர்கள். பந்து கிடக்கும் இடத்தில் இரு அணிகளின் முன்வரிசைகளும் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி, எதிரெதிராக நிற்கும். இரண்டிற்கும் இடையே உள்ள வெளி ஒரு பந்தின் நீளமே. தாக்கும் அணியின் முன்வரிசையில் நடுவே ஐவர் நிற்பர். அவர்களுக்குப் பின்னே நின்று பந்தை எறியும் தலைவனை எதிரிகள் அணுகாவண்ணம், மதில்போல் நின்று காப்பது அவ்வைவரின் கடமை. காக்கும் அணியின் முன்வரிசையில் பெரும்பாலும் நால்வர் நிற்பர். அம்மதிலைப் பிளந்து உட்புகுந்து, பந்தெறிவோனை அவன் எறியுமுன்னே வீழ்த்துவது அந்நால்வரின் கடமை. பழந்தமிழர் படையின் முன்னணியைத் தூசி என்றும் தார் என்றும் வழங்கினர். பகைவரின் முதல் வேகம் முழுவதும் அதன்மேல் விழுவதே இயல்பு. முன்வரிசை வீரரைத் தூசிப்படையினர் என்று அழைத்தால் அப்பெயர் அவர்க்கு நன்கு பொருந்தும்.

உழைப்பில் முதன்மையான இவ்வீரர், புகழில் முதன்மை பெறுவது அரிது. காண்போர் கண்கள் யாவும் பந்தின் பின்னே செல்லும். யார் எறிந்தார், யார் பிடித்தார், யார் எல்லையைக் கடந்தார் என்றே மறுநாள் நாளிதழ்கள் எழுதும். பந்தெறிவோனை வீழ்த்தும் அருஞ்செயலைக்கூட, தேசியக் கால்பந்துக் கழகம் 1982-ஆம் ஆண்டிற்கு முன்னர் வீரர் பெயரில் முறையாகக் கணக்கிடவில்லை. ஓர் ஆட்டத்திலேயே பலமுறை தலையும் தோளும் மோதும் இத்தொழிலில் முழங்காலும் முதுகும் விரைவில் தேயும். பலருடைய ஆட்டக்காலம் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். முப்பது வயதில் பிறர் தம் தொழிலில் வேரூன்றுகின்றனர். முன்வரிசை வீரரோ, அவ்வயதில், இனி என் செய்வது என்று எண்ணத் தொடங்குகின்றார்.

இத்தகைய தொழிலில் 15 பருவங்கள் நிலைத்து நின்றவர் ஆலன் பேஜ். அவ்வினாவிற்கு அவர் விடை தேடிய முறையே அவர் வரலாற்றை அறியத்தக்கதாக ஆக்குகின்றது.

ஒகையோ மாநிலத்துக் கான்டன் என்பது எஃகு ஆலைகள் நிறைந்த ஊர். தொழின்முறைக் கால்பந்துக் கழகம் 1920-ஆம் ஆண்டில் தோன்றியதும் அவ்வூரிலேயே. அங்கு, 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் ஆலன் பேஜ் பிறந்தார். கல்வியே உயர்வு தரும் என்று அவர்தம் பெற்றோர் உறுதியாக நம்பினர். பிள்ளைகளிடம் அதனை வலியுறுத்தியும் வந்தனர். அக்காலத்தில் அந்நாட்டின் பல மாநிலங்களில் வெள்ளையர்க்கு ஒரு பள்ளியும் கறுப்பர்க்கு வேறொரு பள்ளியும் சட்டப்படி இருந்தன. 1954-ஆம் ஆண்டில், அவ்வாறு பிரித்து வைத்தல் அரசியலமைப்பிற்கு முரணானது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பொழுது பேஜுக்கு வயது எட்டு. படைவலியோ பணவலியோ இல்லாத மக்களுக்கு ஒரு தீர்ப்பு இத்துணை நன்மை செய்தல் கூடுமா என்னும் வியப்பு அச்சிறுவர் உள்ளத்தில் பதிந்தது. வழக்கறிஞர் ஆகவேண்டும் என்னும் விருப்பம் அவ்விளமையிலேயே அவர்க்கு எழுந்தது. கால்பந்தாட்டத்தை அவர் பின்னரே கற்றார்.

பள்ளி மாணவராய் இருந்த நாளில் அவர் கட்டட வேலை ஒன்றிற்குக் கூலியாளாகச் சென்றார். புகழ்பெற்ற கால்பந்து வீரர்களின் உருவச்சிலைகளை வைப்பதற்கென்று கான்டனில் அப்பொழுது ஒரு புகழ்மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. 1963-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அம்மண்டபத்தைக் கட்டிய பணியாளருள் பேஜும் ஒருவர்.

அதே ஆண்டில் பள்ளிக்கல்வியை முடித்து, இந்தியானா மாநிலத்து நோத்ரதாம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழக அணி நாட்டின் முதன்மை அணியாகத் திகழ்ந்தது. அதன் முன்வரிசைத் தூண்களுள் ஒருவர் பேஜ். மறு ஆண்டு அரசியலறிவியலில் பட்டம் பெற்றார். அவ்வாண்டே மினசோட்டா வைக்கிங்ஸ் என்னும் தொழின்முறை அணி அவரைத் தேர்ந்துகொண்டது.

மினசோட்டா கனடா நாட்டின் எல்லையை ஒட்டிய மாநிலம். குளிர்காலத்தில் ஏரிகள் யாவும் உறைந்து கிடக்கும். வைக்கிங்ஸ் அணியினர் அக்காலத்தில் கூரையில்லாத திறந்தவெளி அரங்கிலேயே ஆடினர். களத்தின் ஓரத்தில் நிற்கும் வீரர்கள் குளிர்காய்வதற்குக் கணப்பு வைத்தல் கூடாது என்பது அவர்தம் பயிற்சியாளர் பட் கிராண்டின் கட்டளை. குளிரை நினைப்பவன் ஆட்டத்தை மறப்பான் என்று கருதினார் போலும்! அந்த உறைபனியில் கார்ல் எல்லர், ஜிம் மார்ஷல், கேரி லார்சன் என்னும் மூவரோடு பேஜ் முன்வரிசையில் நின்றார். அணியின் ஊதா நிறச் சட்டையைக் கருதி, இந்நால்வரையும் ‘ஊதா நிற மனிதந்தின்னிகள்’ என்று மக்கள் விளையாட்டாக அழைத்தனர். நால்வருள்ளும் பேஜின் தனித்திறம் விரைவு. பந்து அசையும் கணத்தை அறிந்து, எதிரி நிமிர்வதற்குள் அவனைக் கடந்து சென்றுவிடுவார். உடற்பருமனையே வலிமையாகக் கொண்ட அவ்விடத்தில், அவர் பிறரினும் எடை குறைந்தவராகவே இருந்தார்.

1971-ஆம் ஆண்டில், அசோசியேட்டட் பிரஸ் என்னும் செய்தி நிறுவனம் கழகத்தின் தலைசிறந்த வீரர் என்னும் பட்டத்தை அவருக்கு அளித்தது. அதற்கு முன்னர் அப்பட்டம் காக்கும் அணியைச் சேர்ந்த எவருக்கும் கிடைத்ததில்லை. பின்னர் 1986-ஆம் ஆண்டில் லாரன்ஸ் டெய்லர் என்னும் மற்றொரு காப்பு வீரர் அதனைப் பெற்றார். ஆனால் அவர் முன்வரிசைக்குப் பின்னே நின்று ஆடுபவர். பந்தின்மேல் வைத்த கண்ணை எடுத்து, பந்தில்லாத ஒருவரை நாடு ஒருமுறை உற்றுநோக்கியது என்றே இதனைக் கொள்ளல் வேண்டும்.

எனினும், சூப்பர் பௌல் என்னும் இறுதிப்போட்டியில் வெற்றி அவர்க்கு வாய்க்கவில்லை. 1970, 1974, 1975, 1977 ஆகிய ஆண்டுகளின் சனவரித் திங்களில் வைக்கிங்ஸ் அணி நான்கு முறை இறுதிப்போட்டிக்குச் சென்றது. நான்கு முறையும் தோற்றது. நான்கிலும் பேஜ் ஆடினார்.

தோல்வியைவிட அவரை மிகுதியாக வருத்தியது வேறொன்று. ஒவ்வோர் அணிக்கும் ஆட்டமுறை நூல் ஒன்று உண்டு. எந்தச் சூழலில் யார் எங்கே நிற்றல் வேண்டும், எப்பக்கம் பாய்தல் வேண்டும் என்பவை படங்களோடு அதில் எழுதப்பட்டிருக்கும். வீரர்கள் அதனை வரி பிறழாது கற்றல் வேண்டும். தம் தோழர்களுள் சிலர் அந்நூலைப் படிக்க இயலாமல் இடர்ப்படுவதைப் பேஜ் கண்டார். அவர்கள் எழுத்தறியாச் சிற்றூரில் வளர்ந்தவர் அல்லர். பள்ளியில் பன்னிரண்டாண்டு பயின்று, கல்லூரியிலும் இடம் பெற்று வந்தவர்கள். களத்தில் அவர்களுடைய தோள்கள் தேவைப்பட்டமையால், அவர்கள் கற்றனரா இல்லையா என்பதை ஆசிரியர் எவரும் கேட்கவில்லை. தோள் தளரும் நாளில் அவர்கள் என் செய்வர்? இவ்வினா பேஜின் உள்ளத்தில் தங்கிவிட்டது.

தம்மைப் பற்றியும் அவர் எண்ணினார். தொழின்முறை ஆட்டத்தின் தொடக்கக் காலத்தில் அவர் ஒரு சட்டக்கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விலகியவர். விலகிய இடத்திற்கு மீண்டும் செல்லுதல் புதிதாகச் சேர்வதினும் கடினம். புகழும் ஊதியமும் நிறைந்திருந்த வேளையில் அது இன்னும் கடினம். ஆயினும், 1975-ஆம் ஆண்டில், முப்பது வயதில், மினசோட்டாப் பல்கலைக்கழகத்துச் சட்டக்கல்லூரியில் மாணவராக அமர்ந்தார். அங்கே கல்வியாண்டு தொடங்கும் இலையுதிர் காலமே ஆட்டப் பருவமும் ஆகும். உடலெல்லாம் கன்றிய காயங்களோடு ஒப்பந்தச் சட்டத்தையும் குற்றவியலையும் கற்பது எத்தகையது என்பதை நாமே உய்த்துணரலாம். ஆட்டத்தையும் அவர் விடவில்லை, படிப்பையும் விடவில்லை. 1978-ஆம் ஆண்டில் சட்டப் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டே அவருடைய அணி அவரை விலக்கியது. அதன் காரணம் சற்று விந்தையானது. பேஜ் தம் மனைவியார் டயானோடு நெடுந்தொலைவு ஓடிப் பழகியிருந்தார். அவ்வோட்டம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதனால், 245 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 111 கிலோவாக இருந்த அவருடைய எடை, 220 பவுண்டளவிற்குக் குறைந்தது. இவ்வளவு மெலிந்தவர் முன்வரிசைக்கு உதவார் என்று பயிற்சியாளர் கருதினார். ஆட்டப் பருவத்தின் நடுவிலேயே, பதினோராண்டு உழைத்தவரை அணி கைவிட்டது. அவ்வாறு கைவிடப்பட்ட வீரரைக் கழக விதிப்படி 100 டாலர் செலுத்தி வேறோர் அணி எடுத்துக்கொள்ளலாம். சிகாகோ பேர்ஸ் என்னும் அணி அந்நூறு டாலரைச் செலுத்திற்று.

மெலிந்த அம்மனிதர் சிகாகோ அணிக்காக 58 ஆட்டங்கள் ஆடினார். பழைய ஆட்டக் குறிப்புகளை ஆராய்ந்து பின்னாளில் எண்ணியவர்கள், அக்காலத்தில் மட்டும் அவர் பந்தெறிவோரை 40 முறை வீழ்த்தினார் என்று கணக்கிட்டனர். அவர் ஆடிய காலம் முழுவதற்கும் அவ்வெண்ணிக்கை 148.5 ஆகும். இருவர் சேர்ந்து ஒருவரை வீழ்த்தினால் ஆளுக்கு அரை என்பது முறை. அதனால் வந்தது அவ்வரை. 1979-ஆம் ஆண்டில் அவர் மாரத்தான் நெட்டோட்டத்தை ஓடி முடித்தார். தொழிலில் இருக்கும்பொழுதே அதனைச் செய்த முதற் கால்பந்து வீரர் அவரே. வழக்கறிஞராகப் பதிவு பெற்றதும் அவ்வாண்டிலேயே. 1981-ஆம் ஆண்டில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறும்வரை, தொடர்ந்து 218 ஆட்டங்களில் ஒன்றையும் தவறவிடாது அவர் ஆடியிருந்தார்.

இவ்விடத்தில் மற்றொரு முன்வரிசை வீரரையும் நினைத்தல் தகும். 1975-ஆம் ஆண்டு இறுதிப்போட்டியில் பேஜின் அணியை வென்றது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி. அவ்வணியில் அப்பொழுது புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் மைக் வெப்ஸ்டர். பின்னர் அவர் அணியின் நடுநாயகமாக விளங்கி, 17 பருவங்கள் ஆடினார். பேஜ் தோற்றது நான்கு இறுதிப்போட்டிகள். வெப்ஸ்டர் வென்றதும் நான்கே. ஆனால், ஆட்டம் முடிந்தபின் அவர்க்கு நேர்ந்தது கொடிது. நினைவு தடுமாறியது, சிந்தை கலங்கியது, ஈட்டிய பொருள் கரைந்தது, சிலகாலம் தம் வண்டியிலேயே உறங்கினார். 2002-ஆம் ஆண்டில், 50-ஆம் வயதில் இறந்தார். பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய நைசீரிய நாட்டு மருத்துவர் பென்னட் ஒமாலு அவர் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடிகளால், மூளையில் கேடான புரதம் படிந்து, உயிரணுக்கள் சிதைந்திருந்தமை புலப்பட்டது. குத்துச்சண்டை வீரரிடம் முன்பே காணப்பட்ட இந்நோய், கால்பந்து வீரரிடமும் உண்டு என்பதை 2005-ஆம் ஆண்டில் அவரும் பிறரும் எழுதிய ஆய்வுரை உலகிற்கு அறிவித்தது. கழகம் அதனை உடனே ஒப்பவில்லை. முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்த பின்னர், 2013-ஆம் ஆண்டிலேதான் இழப்பீட்டிற்கு இசைந்தது. வெப்ஸ்டர் உழைப்பிலோ ஒழுக்கத்திலோ குறைந்தவர் அல்லர். தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை அதிர்வதை அது தடுக்காது. ஒருவர் தப்பினார், ஒருவர் தப்பவில்லை என்பதைத் திறமையின் வேறுபாடாகக் கருதுதல் தவறு.

1988-ஆம் ஆண்டில் கான்டன் புகழ்மண்டபம் பேஜைத் தன் வீரருள் ஒருவராக ஏற்றுக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர்த் தாம் கூலியாளாக உழைத்த கட்டடத்தில் அவருடைய வெண்கலச்சிலை வைக்கப்பெற்றது. அவ்விழாவில் வீரரை அறிமுகம் செய்பவர் பெரும்பாலும் பயிற்சியாளராகவோ உடன் ஆடியவராகவோ இருப்பார். பேஜ் மினியாபொலிஸ் நகரத்துப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரை அழைத்து வந்தார். தம் உரையிலும் அவர் ஆட்டத்தைப் பற்றி மிகுதியாகப் பேசவில்லை. கல்வியைப் பற்றியே பேசினார். அவ்வாண்டே மனைவியாரோடு சேர்ந்து ஒரு கல்வி அறநிலையத்தையும் நிறுவினார். கறுப்பின மாணவர்க்கும் பிற சிறுபான்மை இன மாணவர்க்கும் கல்லூரிப் படிப்பிற்குப் பொருள் உதவுவது அதன் பணி. உதவி பெறுவோர் ஒரு கடமையை ஏற்றல் வேண்டும்: தம்மினும் இளைய பள்ளிப் பிள்ளைகளிடம் சென்று அவர்களுக்குப் பாடம் சொல்லித் தருதல்.

இதற்கிடையே சட்டத்துறையில் அவர் படிப்படியாக உயர்ந்துகொண்டிருந்தார். வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய பின், மினசோட்டா மாநில அரசின் வழக்கறிஞர்களுள் ஒருவரானார். அம்மாநிலத்தில் உச்சநீதிமன்ற நடுவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். 1992-ஆம் ஆண்டில் பேஜ் அப்பதவிக்குப் போட்டியிட முனைந்தார். அப்பொழுது ஆளுநர், பதவியிலிருந்த நடுவர் ஒருவரின் காலத்தை நீட்டித்தமையால், அவ்விடத்திற்குத் தேர்தலே இல்லாது போயிற்று. பேஜ் வழக்குத் தொடுத்தார். வழக்கோ உச்சநீதிமன்றத்து இருக்கை ஒன்றைப் பற்றியது; அந்நீதிமன்றத்து நடுவர்களே அதனை விசாரித்தல் முறையன்று. ஆகவே அவர்கள் ஒதுங்கிக்கொண்டனர். அவர்களுக்கு மாற்றாக அமர்த்தப்பட்டோர் வழக்கைக் கேட்டுப் பேஜுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். தேர்தல் நடைபெற்றது, அவர் வென்றார். மினசோட்டா உச்சநீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கறுப்பின நடுவர் அவரே. 1998, 2004, 2010 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். எழுபது வயதில் நடுவர் ஓய்வு பெறல் வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். அதன்படி 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் பதவியினின்று இறங்கினார். ஆடுகளத்தில் அவர் இருந்த காலம் 15 பருவங்கள். அறமன்றத்தில் இருந்த காலம் 22 ஆண்டுகளுக்கும் மேல்.

அடிமைமுறையும் நிறப்பிரிவினையும் நிலவிய காலத்துப் பொருள்களைப் பேஜும் டயானும் பல்லாண்டு தேடிச் சேர்த்து வைத்திருந்தனர். கறுப்பர்க்கு வேறிடம் என்று குறித்துத் தொங்கவிடப்பட்ட அறிவிப்புப் பலகையும் அவற்றுள் ஒன்று. 2018-ஆம் ஆண்டில் அப்பொருள்கள் மினியாபொலிஸ் நூலகத்தில் மக்கள் காண வைக்கப்பெற்றன. அவ்வாண்டிலேயே டயான் மறைந்தார். சில வாரங்களின் பின், நாட்டின் குடிமக்கள் பெறும் மிக உயர்ந்த விருதாகிய குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கத்தைப் பேஜ் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டில், மினியாபொலிஸ் நகரத்து நடுநிலைப்பள்ளி ஒன்றின் மாணவர்கள், தம் பள்ளிக்கு இடப்பட்டிருந்த பழைய ஆளுநர் ஒருவரின் பெயரை நீக்கவேண்டும் என்று கிளர்ந்தனர். பழங்குடி மக்களைப் பூண்டோடு அழிக்கவேண்டும் என்று ஒருகாலத்தில் கூறியவர் அவ்வாளுநர். நீக்கிய பெயருக்கு ஈடாக நடுவர் பேஜின் பெயர் அப்பள்ளிக்கு இடப்பட்டது.

முன்வரிசையில் நின்ற காலத்தின் அடையாளம் ஒன்று பேஜின் கையில் இன்றும் இருக்கின்றது. ஆட்டத்தில் மீண்டும் மீண்டும் மூட்டு விலகியமையால், அவருடைய சுண்டுவிரல் மற்றை விரல்களோடு சேராது, செங்கோணமாக வெளியே நீண்டு நிற்கும். பள்ளிகளுக்கு அவர் செல்லும்பொழுது சிறுவர்களின் கண்ணில் முதலில் படுவது அவ்விரலே. ஆசிரியையாகிய தம் மகள் கேமியோடு சேர்ந்து, அவ்விரலைப் பற்றியே சிறுவர்க்கான படக்கதை ஒன்றை அவர் எழுதினார். அந்நூல் 2013-ஆம் ஆண்டில், அவர் இன்னும் நடுவராய் வீற்றிருந்தபொழுதே, வெளிவந்தது.